நிமிர்வும் விறைப்பும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



எமக்குத் தரப்பட்ட பொருள் "தேக நிலையும் நடையும்" என்பதாகும். இம்மேடையிலே சமயமோ இலக்கியமோ பேசுவதே வழக்கம். நாரியைப் பற்றியும் பிடரியைப் பற்றியும் பேசுவதற்கு ஒரு வைத்தியரையல்லவா அழைத்திருக்க வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் வைத்தியர் அல்லர். சர்வகலாசாலையிலே படிக்கும் மாணவர். ஆயினும், நாளொன்றுக்கு எட்டு மணி, பத்து மணி நேரம் கதிரையிலிருந்து படிப்பதையே தொழிலாகக் கொண்ட எம் போன்றவர்க்கு நாரி நோவு என்பது புத்தகத்தைப் பார்த்து அறிய வேண்டிய சங்கதியன்று. அந்த உரிமையை வைத்துக்கொண்டே சில வார்த்தைகள் பேசத் துணிந்தோம்.

"கூனாமல் நிமிர்ந்து இரடா" என்ற சொல்லைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை இந்த மண்டபத்தில் ஒருவரும் இருக்கமாட்டார். தாய் சொல்வாள், தகப்பன் சொல்வார், வாத்தியார் பிரம்பினால் முதுகைத் தொட்டுச் சொல்வார். கேட்டவுடன் நாம் என்ன செய்கின்றோம்? நெஞ்சை முன்னே தள்ளுகின்றோம், தோள் இரண்டையும் பின்னே இழுக்கின்றோம், மூச்சை அடக்கிக்கொள்கின்றோம். இரண்டு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு, களைத்து, பழையபடி மேசையிலே கவிழ்ந்துவிடுகின்றோம். பிள்ளை சொற்கேளாதவன் என்று பெயரெடுக்கின்றான். அவன் மேல் குற்றமில்லை. நிமிர்வு வேறு, விறைப்பு வேறு என்பதை அவனுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. இன்று நாம் சொல்ல வந்தது பெரும்பாலும் இந்த ஒரு வேற்றுமையைத்தான்.

நாம் படித்தது ஒரு மிஷன் கல்லூரி. காலையிலே மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, நெஞ்சு முன்னே, வயிறு உள்ளே, தோள் பின்னே என்று கட்டளையிடுவார்கள். இம்முறையின் வேர் சுவீடன் தேசத்திலே உண்டு. லிங் என்பவர் 1813ஆம் ஆண்டில் ஸ்ரொக்கோம் நகரிலே ஒரு தேகாப்பியாசக் கல்லூரியை நிறுவினார். அம்முறை இங்கிலாந்தின் பாடசாலைகளுக்குச் சென்று, ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கும் பரவியது. அந்தப் பயிற்சியினால் எமக்கு ஒழுங்கு வந்தது. ஒன்றுகூடி இயங்கும் பழக்கம் வந்தது. அதனை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். ஆனால் காவற்காரன் வாசலில் நிற்கும் நிலையை, சோறு உண்ணும்போதும் பாடம் படிக்கும்போதும் கைக்கொள்ள முடியுமா? காவற்காரனுக்கே அது எளிதன்று. அணிவகுப்பிலே நெடுநேரம் அசையாமல் நின்ற போர்வீரர் மயங்கி விழுவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால்களில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்காற் தசையின் அசைவு. அசைவை நிறுத்தினால் இரத்தம் கீழே தங்கும். மூளைக்குப் போவது குறையும். நிமிர்ந்து நின்றவன் தரையிலே கிடப்பான்!

எமது முன்னோர் இதைப்பற்றி என்ன கருதினர்? பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்திலே ஆசனத்துக்கு இலக்கணம் கூறுமிடத்து இரண்டே குணங்களைச் சொல்கின்றார். ஒன்று உறுதி, மற்றது சுகம். சுகமில்லாத உறுதி விறைப்பு. உறுதியில்லாத சுகம் சோம்பல். நாம் பள்ளிக்கூட மைதானத்திலே முதலாவதைப் படித்தோம். வீட்டுச் சாய்மனைக் கதிரையிலே இரண்டாவதைப் படித்தோம். இரண்டும் சேர்ந்திருப்பதை எங்கேயும் படிக்கவில்லை.

நிற்க. எலும்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முள்ளந்தண்டு ஒரு நேரான தடியன்று. கழுத்தில் 7, நெஞ்சின் பின்புறத்தில் 12, நாரியில் 5 ஆக அசையும் எலும்புகள் 24. கழுத்தும் நாரியும் முன்னோக்கி வளைந்தவை. நெஞ்சுப் பகுதி பின்னோக்கி வளைந்தது. குழந்தை பிறக்கும்போது முதுகு முழுவதும் ஒரே வளைவாக இருக்கும். தலையைத் தூக்கிப் பார்க்கப் பழகும்போது கழுத்து வளைவும், எழுந்து நின்று நடக்கும்போது நாரி வளைவும் உருவாகின்றன. ஆகவே முதுகைத் தடிபோல நேராக்க முயல்வது, தவழ்ந்து எழுந்து தேடிய தேட்டத்தை அழிப்பதாகும்.

எலும்புகளுக்கு இடையிலே மெத்தைபோன்ற தட்டுகள் உள்ளன. வளர்ந்தவர்களின் தட்டுக்குள்ளே இரத்தக் குழாய் ஏறக்குறைய இல்லை. அதற்கு வேண்டிய ஆகாரம் சுற்றிலுமிருந்து மெல்ல ஊறியே உட்செல்ல வேண்டும். அசைவு அதற்குத் துணைசெய்கின்றது. பகல் முழுவதும் உடற்பாரம் அழுத்துவதால் தட்டுகளிலுள்ள நீர் சிறிது வெளியேறுகின்றது. காலையில் படுக்கையைவிட்டு எழும்பும்போது அளந்த உயரத்தைவிட மாலையில் ஒருவர் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவு குள்ளமாகிவிடுவார். இரவிலே படுத்துறங்க, நீர் திரும்ப ஊறி, பழைய உயரம் வந்துவிடும். வீட்டிலே பரீட்சித்துப் பார்க்கலாம். ஒரு பென்சிலும் சுவரும் போதும்.

இனி ஒரு மனிதரின் கதை. பிரெடெரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர் என்பவர் 1869ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவிலே பிறந்தவர். மேடையிலே நாடகப் பகுதிகளைப் பாராயணம் செய்வது அவர் தொழில். அத்தொழிலுக்குக் குரலே முதல். அந்தக் குரல் மேடையில் அடைத்துப்போகத் தொடங்கியது. வைத்தியர் சொற்படி ஓய்வெடுத்தால் சுகமாகும். மேடையேறினால் மறுபடியும் அடைக்கும். அப்படியானால் மேடையிலே தாம் செய்யும் ஏதோவொன்று தான் காரணம் என்று அவர் ஊகித்தார். கண்ணாடிகளை வைத்துத் தம்மைத் தாமே பார்க்கத் தொடங்கினார். வாயைத் திறந்து பேசப் புகும்போது தலையைப் பின்னே இழுக்கின்றார், குரல்வளையை அமுக்குகின்றார், வாயினால் மூச்சை இழுக்கின்றார். இவற்றைக் கண்டுகொண்டார்.

சரி, கண்டுகொண்டாயிற்று, திருத்திவிடலாம் என்று நினைத்தார். தலையை முன்னே கொண்டுவந்துவிட்டதாக அவருக்குத் தோன்றிய வேளையிலும் கண்ணாடி வேறு கதை சொன்னது. தலை இன்னும் பின்னேயே போய்க்கொண்டிருந்தது! பழக்கம் நெடுங்காலம் ஊறிப்போனால், பிழையான நிலையே சரியானதுபோலத் தோன்றும்; சரியான நிலை கோணலாகத் தோன்றும். இந்த உண்மைதான் அவர் கண்டவற்றுள் மிகப் பெரியது என்பது எமது எண்ணம். நிமிர்ந்து இரு என்ற கட்டளை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விடையும் இங்கேயே இருக்கின்றது. கட்டளையை நிறைவேற்றப் போகும் உடம்புக்கே அளவுகோல் கெட்டுப்போயிருக்கின்றது.

அவர் கண்ட வழி வேறு. புதிதாக எதையும் செய்வதற்கு முன், பழையதைச் செய்யாது நிறுத்திக்கொள்வது. கதிரையிலிருந்து எழும்பப் புறப்படும் அந்தக் கணத்திலே பிடரி இறுகுகின்றதா என்று பார்ப்பது. இறுகினால் எழும்பாமல் ஆறுவது. பின் தலையை முன்னேயும் மேலேயும் போகவிட்டு, உடம்பு அதைப் பின்தொடர எழும்புவது. அவர் 1904இல் இலண்டனுக்குச் சென்று இதனைக் கற்பித்தார், 1955இல் காலமானார். பேர்னாட் ஷோ, அல்டஸ் ஹக்ஸ்லி, அமெரிக்கத் தத்துவாசிரியர் ஜோன் டூயி ஆகியோர் அவரிடம் படித்தவர்கள். நோபல் பரிசு பெற்ற விலங்கியல் அறிஞர் நிக்கோலாஸ் ரின்பேர்கன் 1973இல் தமது பரிசுப் பேருரையின் ஒரு பகுதியை இம்முறைக்கே ஒதுக்கினார். பெரியவர்கள் புகழ்ந்தார்கள் என்பதற்காக ஒன்றை ஏற்கலாகாது; சோதனையும் நடந்திருக்கின்றது. இங்கிலாந்திலே நெடுநாள் நாரி நோவுடைய 579 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2008இல் வெளிவந்தது. வழக்கமான வைத்தியம் மாத்திரம் பெற்றோர்க்கு, ஓராண்டின் பின், நான்கு வாரத்தில் நடுத்தரமாக 21 நாள் நோவு இருந்தது. இம்முறையில் 24 பாடங்கள் பெற்றோர்க்கு அது 3 நாள். எமது ஊரிலே இதனைக் கற்பிப்பார் இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆயினும் எழும்புவதற்கு முன் ஒரு கணம் ஆறுவதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை.

இவ்வளவு தூரம் இலண்டன் வரை போனோம்; எமது கிணற்றடிக்குத் திரும்புவோம். நீரிறைக்கும் இயந்திரம் வருமுன் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்குத் துலாவினாலே நீர் இறைத்தார்கள். ஒருவர் துலாவின் மேலே முன்னும் பின்னும் நடப்பார். மற்றவர் கீழே நின்று பட்டையைப் பிடித்து நீரைச் சரிப்பார். எமது பாட்டன்மார் துலா மிதித்தவர்கள். ஏறியிறங்கும் ஒரு மரத்தின்மேல் விறைத்துக்கொண்டு எவரும் நடக்கமுடியாது. விறைத்தவர் கிணற்றுக்குள் விழுவார். துவண்டுகொண்டு நடப்பவரும் விழுவார். பதஞ்சலி சொன்ன உறுதியும் சுகமும் ஒன்றாயிருப்பதைக் காண நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

தலைச்சுமையும் அப்படியே. சந்தைக்குக் கடகம் சுமந்து போன பெண்களின் நடையை மூத்தோர் பலர் கண்டிருப்பீர்கள். ஆபிரிக்காவின் கென்யா நாட்டிலே லூவோ, கிக்குயூ இனத்துப் பெண்களை ஆராய்ந்தவர்கள் 1986இல் ஒரு புதுமையை வெளியிட்டார்கள். அப்பெண்கள் தமது உடற்பாரத்தில் ஐந்திலொரு பங்கு வரை சுமந்து நடக்கும்போதும், வெறுங்கையோடு நடப்பதைவிட அதிக சக்தியைச் செலவிடவில்லை. பழக்கமில்லாதவர்க்கோ பாரம் ஏற ஏறச் செலவும் ஏறியது. அப்பெண்களின் நடை ஊசலைப் போன்றது என்றும், ஓர் அடியில் எழுந்த சக்தியை அடுத்த அடிக்கு வீணாக்காமல் கொடுக்கின்றது என்றும் பின்னர் விளக்கம் கூறினார்கள். சிறுவயது முதல் சுமந்து வந்த பழக்கம் அது.

இதைக் கேட்டுப் பழையவை எல்லாம் நல்லவை என்று நாம் சொல்வதாக எண்ணவேண்டாம். வெங்காயத் தோட்டத்திலே நாள் முழுவதும் குனிந்து களை பிடுங்கிய பெண்ணின் நாரியை இலக்கியம் பாடினாலும் பாடாவிட்டாலும் அது நொந்ததுதான். அவர்களுக்குப் பாரம் விருப்பத்தால் வந்ததன்று.

பாரம் தூக்குவதைப் பற்றி ஒரு கணக்கு மாத்திரம் சொல்லி அப்பால் போகின்றோம். 1999இல் ஜேர்மனியின் ஊல்ம் நகரத்து ஆராய்ச்சியாளர், ஒரு தொண்டரின் நாரித் தட்டுக்குள்ளே சிறு அமுக்கமானியை வைத்து அளந்தார்கள். சும்மா நிற்கும்போது அமுக்கம் 0.5 மெகாபஸ்கால். 20 கிலோகிராம் பாரத்தை முதுகை வளைத்துத் தூக்கும்போது 2.3. முழங்காலை மடித்துத் தூக்கும்போது 1.7. அதே பாரத்தை உடம்போடு அணைத்துப் பிடித்து நிற்கும்போது 1.1. அரைமூட்டை அரிசியைக் கையை நீட்டிப் பிடிக்காமல் வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள் என்று அம்மாமார் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்த அளவீட்டிலே இன்னொரு வேடிக்கை: கதிரையிலே நன்றாகச் சரிந்து சாய்ந்திருக்கும்போது அமுக்கம் 0.27 மாத்திரமே. ஒரே ஒருவரின் உடம்பிலே அளந்தது என்பதை மறக்கலாகாது. என்றாலும், சாய்ந்திருந்த குற்றத்துக்காகப் பிரம்படி வாங்கிய மாணவர் அனைவரும் இதைக் கேட்டு மகிழலாம்.

அப்படியானால் எப்படித்தான் இருப்பது? சரியான இருக்கை இதுதான் என்று ஒன்றைக் காட்டிவிட முடியாது. எந்த நிலையிலும் நெடுநேரம் இராதே என்பதே இன்றைய அறிஞர் பலரின் கருத்து. சாயலாம், நிமிரலாம், சம்மணம் கட்டலாம், அரை மணிக்கொருமுறை எழும்பி முற்றம் வரை போய் வரலாம். பரீட்சைக் காலத்தில் எழும்பினால் நேரம் வீணாகும் என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: எழும்பாமல் இருந்து மூன்றாம் மணியிலே படித்த பக்கத்தை மறுநாள் நினைவுபடுத்திப் பாருங்கள்.

குனிந்து படிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதத் தலையின் பாரம் ஏறக்குறைய 5 கிலோகிராம். அது முள்ளந்தண்டின் மேல் சமன்பட்டு இருக்கும்போது பிடரித் தசைக்கு வேலை குறைவு. முன்னே தொங்கவிட்டால், நீட்டிய கையில் வாளியைப் பிடிப்பதுபோலாகும். புத்தகமானாலும் கைத்தொலைபேசியானாலும் கணக்கு ஒன்றே. கைத்தொலைபேசியைக் கீழே வைக்க மனம் வருவதில்லை என்பது மாத்திரம் வேற்றுமை. எமது கோயில்களிலே புராணபடனம் நடக்கும்போது நூலை எங்கே வைத்து வாசிக்கின்றார்கள்? வியாசபீடத்திலே. வாசிப்பவர் சம்மணம் கட்டியிருக்க, சரிவான அந்தப் பலகை நூலைக் கண்ணுக்கு அருகே உயர்த்திக் கொடுக்கின்றது. நூலுக்குச் செய்த மரியாதை வாசிப்பவரின் பிடரிக்கும் நன்மையாயிற்று. எமது வீட்டு மேசைகளிலே அது இல்லாமற் போனது ஏனோ!

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். இந்த நாட்டிலே நிமிர்வு என்பது எலும்பும் தசையும் மாத்திரம் சம்பந்தப்பட்ட காரியமாக இருந்ததில்லை. யார் நிமிரலாம், யார் குனிய வேண்டும், யார் கதிரையில் இருக்கலாம், யார் தரையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் சாதியைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டன. தோளிற் கிடந்த சால்வையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்து நின்றால்தான் பேச்சுக்கு இடம் என்றிருந்த காலம் உண்டு. பாடசாலையிலே ஒருசாரார் பிள்ளைகள் வாங்கிலிருக்க, மற்றொருசாரார் பிள்ளைகள் நிலத்திலிருந்தார்கள். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற விதி 1929இல் வந்தபோது, அதற்கு எதிராக மனுக்கள் எழுதப்பட்டன. பாடசாலைக் கொட்டில்கள் தீக்கிரையானதும் உண்டு. மிஷன் பாடசாலைகள் எல்லாம் இவ்விஷயத்தில் முன்னின்றன என்றும் கூறிவிட முடியாது. சமரசம் செய்துகொண்டவையும் உண்டு.

வாழ்நாள் முழுவதும் குனிந்து நிற்கப் பழக்கப்பட்ட ஒருவருக்கு நிமிர்வது கோணலாகத் தோன்றும். அவரை அப்படியே பார்த்துப் பழகியவருக்கும் அவர் நிமிர்வது திமிராகத் தோன்றும். அலெக்சாண்டர் கண்ணாடியிலே கண்டது ஒரு மனிதரின் பழக்கம். ஊருக்கும் அப்படிப் பழக்கம் உண்டு. பெரியோரை வணங்குவதற்கு நாம் எதிரிகளல்லர். விரும்பிக் குனிபவன் குனிந்த பின் நிமிர்கின்றான். இன்றும் எமது வாலிபரிலே சிலர் சபைக்கு வந்தால் கடைசி வரிசையிலே தோளைக் குறுக்கிக்கொண்டு இருப்பதைக் காண்கின்றோம். அவர்களிடம் போய், கூனாமல் இரு என்று சொல்வதால் ஆவதொன்றுமில்லை. முன் வரிசையில் இடம் கொடுத்தால் முதுகு தானே நிமிரும்.

மூத்தோர்க்கும் ஒன்று கூற வேண்டும். பிறேசில் நாட்டிலே 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரை, தரையிலே இருந்து எழும்பச் செய்து பார்த்தார்கள். கையையும் முழங்காலையும் எத்தனை முறை ஊன்றுகின்றார் என்று புள்ளியிட்டு, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அவர்களைக் கவனித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். ஊன்றாமல் எழும்பியவர்களிலும் பார்க்க, பலமுறை ஊன்றியவர்களிடையே இறப்பு அதிகமாயிருந்தது. தரையிலிருந்தால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருளில்லை. ஏற்கெனவே பலம் குன்றியவர்தான் ஊன்றுகின்றார். ஆயினும் கால் பலத்தையும் சமநிலையையும் காட்டும் கண்ணாடி அது. முதுமையிலே விழுந்து இடுப்பெலும்பு முறிவது எத்தனை வீடுகளைக் கலக்கியிருக்கின்றது என்பது உங்களுக்குத் தெரியும். நாளுக்கு நாலு தரம் பாயிலிருந்து எழும்பிய எமது பாட்டிமார் அறியாமலே அப்பியாசம் செய்தார்கள். இப்போது வீட்டிலே கதிரை, கோயில் மண்டபத்திலே பிளாஸ்ரிக் கதிரை, கல்யாணப் பந்தியிலும் கதிரை. முப்பது வயதிலேயே சம்மணம் கட்ட முடியாதவர்கள் எம்மிடையே இருக்கின்றார்கள். முழங்கால் வாதம் உள்ளவர்கள் நாம் சொன்னதைக் கேட்டு உடனே தரையிலே குந்திவிட வேண்டாம். வைத்தியர் எம்மேல் கோபிப்பார்.

தலைவர் அவர்களிடமும் நிருவாக சபையாரிடமும் இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. ஒன்று, எமது வாசிகசாலையின் மேசைகளிலே வியாசபீடத்தைப் போன்ற சரிவுப் பலகைகள் நாலைந்து வைத்தல் வேண்டும். பலகையும் ஆணியும் கிடைத்தால் செய்து தருவதற்கு உறுப்பினருள்ளே தச்சு வேலை அறிந்தவர்கள் இருக்கின்றார்கள். மற்றது, வரும் நவராத்திரிப் பிரசங்கங்களின்போது மண்டபத்திலே பாதி இடத்துக்குப் பாய் விரித்தல் வேண்டும். கதிரைகளை எடுக்கும்படி நாம் கேட்கவில்லை. நோயாளரும் முதியோரும் அவற்றிலே இருக்கட்டும். ஆனால் பாய் இன்னார்க்கு, கதிரை இன்னார்க்கு என்று பிரியாதிருக்கும்படி, நிருவாக சபையார் முதல்நாள் பாயிலே வந்திருக்க வேண்டும். பாய்களை நாம் கொண்டுவருகின்றோம்.